உங்கள் காலடியில் ஓடும் குடல்!

"வைத்தியரய்யா, மஞ்சக்காமாலைங்க. கீழாநெல்லி குடுத்தீங்கன்னா சரியாப் போயிரும்ல?"

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜூன் மாதக் காலை. கொடைக்கானலிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, பழநியில் உள்ள என் மருத்துவசாலைக்கு வந்திருந்தார் ஓர் இளைஞர். மலையில் ஒரு தங்கும் விடுதியில் வேலை. இரண்டு கண்களும் மஞ்சள். பசியில்லை, ஓயாத குமட்டல், சிறுநீர் நல்லெண்ணெய் நிறம். நாடி பார்த்தேன். பத்தியம் சொன்னேன். மருந்து கொடுத்து அனுப்பி வைத்தேன்.

பத்து நாளில் அதே தெருவிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பையன். அவனுக்கும் காமாலை. அவனுக்கும் மருந்து, பத்தியம். அடுத்த வாரம் அந்த இளைஞரே மறுபடியும் வந்தார். இந்த முறை மனைவியோடு. அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம்.

"எனக்குத் தேவலைங்கய்யா. இப்ப இவளுக்கு வந்துருச்சு..."

அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்தவுடன் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே தெருவில் மூன்றாவது ஆள்! மூன்று பேரிடமும் என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தேனே தவிர, "எந்தத் தண்ணீரைக் குடிக்கிறீர்கள்?" என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் ஐந்தரை வருடம் என் ஆசிரியர்கள் மண்டையில் குட்டிக் குட்டிச் சொன்ன முதல் பாடம், நோயின் வேரைத் தேடு என்பதுதான். அதை நான் மறந்துவிட்டேன்.

கர்ப்பிணி என்பதால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே மலையேறினேன். அங்கே என்ன பார்த்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் நீங்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து கழிவு எங்கே போகிறது, எப்படிப் போகிறது?

ஊருக்கும் உண்டு அபானன்!

சித்த மருத்துவம் உடம்பில் பத்து வாயுக்களைச் சொல்கிறது. அதில் அபானன் கீழ்நோக்கித் தள்ளுகிற வாயு. மலம், சிறுநீர் எல்லாம் அவன் பொறுப்பு. அவன் ஒழுங்காக வேலை செய்கிற வரை அவனை யாரும் நினைப்பதில்லை. மூன்று நாள் மலம் கட்டிக்கொண்டால்தான் தலைவலி, வாய்நாற்றம், பசியின்மை என்று உடம்பு முழுக்கக் கூப்பாடு போடும்.

ஊருக்கு அபானன் எது? பூமிக்கடியில் போகிற கழிவுநீர்க் குழாய்தான். சென்னை, மதுரை போன்ற நகரங்களில் அது பாதாளச் சாக்கடை. கொடைக்கானல் போன்ற மலை ஊரில் பெரும்பாலான வீடுகளும் விடுதிகளும் நம்பியிருப்பது செப்டிக் டேங்க்கையும் அதன் குழாய்களையும்தான். பெயர் எதுவானாலும் வேலை ஒன்று. கழிவை மனிதன் கண்ணில், கையில், வாயில் படாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

குடலில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஊரின் குழாயில் ஓட்டை விழுந்தாலும் அதே கதைதான். ஆனால் உடம்பைப் போல ஊருக்கு உடனே வலிக்காது. அதுதான் ஆபத்து!

நோய்க்குத் தப்பி வந்த ஊர்

கொடைக்கானல் எப்படி உருவானது தெரியுமா? மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள் சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சல்களுக்கும் தப்ப இடம் தேடி, சுமார் 7,000 அடி உயரத்தில் உள்ள இந்த மலைக்கு வந்தார்கள். 1845-ல் இங்கே முதல் இரண்டு பங்களாக்கள் கட்டப்பட்டன. ஆக, ஆரோக்கியத்துக்காகவே உண்டான ஊர் இது. பிறகு 1863-ல், மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் ஓடைகளை மறித்துக் கரை கட்டினார். இன்று நாம் படகு விடுகிற நட்சத்திர ஏரி அப்படி வந்ததுதான். பரப்பு சுமார் 60 ஏக்கர்.

2011 கணக்கெடுப்பின்படி கொடைக்கானல் நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 36,500. சீசனில் வந்து போகிறவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. கூட்டம் தாங்காமல்தான் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்தில் இ-பாஸ் முறை வந்தது. மேலே வரும் வண்டிகளை எண்ணுகிறோம், நல்லது. அத்தனை பேரின் கழிவையும் தாங்க வேண்டிய தொட்டிகளையும் குழாய்களையும் எண்ணுகிறோமா?

மலையில் இன்னொரு சங்கடம். தண்ணீர் எங்கும் நிற்காது, இறங்கிக்கொண்டே இருக்கும். ஏரியின் உபரி நீர்தான் வத்தலகுண்டு சாலையில் வெள்ளி அருவியாக விழுகிறது. மலையின் வடக்குச் சரிவில் இறங்கும் ஓடைகள் பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி என்று பழநிப் பக்கத்து அணைகளுக்கு வருகின்றன. தெற்கே பாம்பாறு கும்பக்கரை வழியாகப் பெரியகுளம் பக்கம் போகிறது. மேல் தெருக்காரரின் கழிவு கீழ்த் தெருக்காரரின் தலைமாட்டில் போகும். மேல் ஊரின் கழிவு கீழ் ஊரின் குடத்துக்கும் வரலாம். பழநியில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இது அடுத்த வீட்டுச் சங்கதியா, நீங்களே சொல்லுங்கள்.

குழாய் ஏன் உடைகிறது?

"பூமிக்குள்ள சிவனேன்னு கிடக்குற பைப் எப்படிங்க உடையும்?" என்று கேட்பீர்கள். சிவனே என்று கிடக்க நாம் எங்கே விடுகிறோம்!

முதல் எதிரி, இணைப்பு. குழாய் நடுவில் உடைவதைவிட ஜாயின்ட்டில் விடுவதுதான் அதிகம். பழைய ஸ்டோன்வேர் மண்குழாய்களைச் சிமென்ட் பூசி இணைத்திருப்பார்கள். மண் கொஞ்சம் அசைந்தாலும் அந்தப் பூச்சு விரிசல் விடும். மலைச்சரிவில் மழைக்காலம்தோறும் மண் மெல்லக் கீழே நகர்ந்துகொண்டே இருக்கும். மேலே கனரக வண்டிகளும் போனால் கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது, மரவேர். வெயில் காலத்தில் வேருக்குத் தாகம். மயிர் அளவு விரிசலில் கசிகிற ஈரத்தை மோப்பம் பிடித்து உள்ளே நுழையும். நுழைந்த வேர் உள்ளே பருத்து, குழாயையே பிளந்துவிடும். குழாயை ஒட்டித் தைலமரமும் ஆலும் அரசும் வைக்காதீர்கள் என்று பிளம்பர் சொன்னால் கேளுங்கள்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத அமிலம். கழிவு ஓடாமல் தேங்கினால் அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே, அது ஹைட்ரஜன் சல்பைடு வாயு. அது மேலே எழும்பி, குழாயின் ஈரமான மேற்கூரையில் படியும். அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றிவிடும். அமிலம் சிமென்ட்டை அரிக்கும். குழாயின் அடிப்பாகம் திடமாக இருக்கும். மேல்பாகம் நாளுக்கு நாள் அப்பளமாக மெலியும். ஒருநாள் லாரி போகும்போது ரோடு 'பொதுக்'கென்று உள்வாங்கும். "நேற்று வரைக்கும் நல்லா இருந்துச்சே" என்று எல்லோரும் கூடி நின்று வேடிக்கை பார்ப்போம். அது பல வருடமாக உள்ளே நடந்த அரிப்பு! சில இடங்களில் குழாயின் ஓட்டை வழியாகச் சுற்றியுள்ள மண் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அடித்துச் செல்லப்பட்டு, ரோட்டுக்கு அடியில் வெறும் பொந்துதான் மிச்சமிருக்கும்.

நான்காவது, சரிவு. கழிவுநீர் மெதுவாக ஓடினால் கசடு படியும். வேகமாக ஓடினால் மணலும் கல்லும் குழாயை ராவிவிடும். வினாடிக்கு 0.6 மீட்டருக்குக் குறையாமலும் 3 மீட்டருக்கு மிகாமலும் ஓட வேண்டும் என்பது பொறியாளர்கள் கணக்கு. பித்தம் கூடினாலும் தொல்லை, குறைந்தாலும் தொல்லை என்று நாங்கள் சொல்வது போலத்தான்! செங்குத்தான மலையில் வேகத்தைக் குறைக்க, இடையிடையே படி இறக்கியது போல ஆள்நுழை குழிகள் கட்ட வேண்டும். செலவு அதிகம் என்று அதை விட்டுவிட்டால் குழாயின் ஆயுள் குறையும்.

ஐந்தாவது எதிரி? கண்ணாடியில் பாருங்கள், நாம்தான்! மீன் வறுத்த எண்ணெய், சாதம், தலைமுடி, சானிட்டரி நாப்கின், குழந்தை துடைக்கும் ஈரத்தாள், கிழிந்த துணி... எல்லாம் உள்ளே. சூட்டில் ஓடுகிற எண்ணெய் கொடைக்கானல் குளிரில் மெழுகாக உறையாதா? 2017-ல் லண்டன் பாதாளச் சாக்கடையில் எண்ணெய்க் கொழுப்பும் ஈரத்தாள்களும் சேர்ந்து இறுகிய ஒரு கட்டியைக் கண்டுபிடித்தார்கள். நீளம் 250 மீட்டர், எடை 130 டன்! ரத்தக்குழாயில் கொழுப்பு அடைப்பது பற்றி இவ்வளவு பேசுகிறோம். ஊரின் குழாயிலும் அதே கொழுப்புதான் அடைக்கிறது.

கழிவு குடத்துக்குள் வருவது எப்படி?

இதுதான் பலருக்கும் புரியாத இடம். "கழிவுநீர் கசிஞ்சா மண்ணுக்குள்ள போகும். குடிதண்ணி பைப்புக்குள்ள எப்படிப் போகும்?" என்கிறார்கள்.

குடிநீர்க் குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்போது ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே பீச்சும். வெளிக்கழிவு உள்ளே வராது. ஆனால் நம் ஊர்களில் தண்ணீர் எந்நேரமும் வருகிறதா? ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு நாளைக்கு ஒருமுறை என்று முறை வைத்து விடுகிறார்கள். விடுவதை நிறுத்தியதும் குழாய் காலியாகிறது. காலியான குழாய் வெளியே இருப்பதை உறிஞ்சுகிறது. இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிறீர்களே, அப்படித்தான். அந்த நேரத்தில் ஓட்டையைச் சுற்றிச் சாக்கடை ஈரம் இருந்தால் அதுவும் உள்ளே வரும். மறுநாள் தண்ணீர் விடும்போது முதல் குடத்தில் உங்கள் வீட்டுக்கு வந்து சேரும். மோட்டார் வைத்துக் குழாயிலிருந்து நேரடியாக உறிஞ்சுகிறவர்கள் இந்த வேலையை இன்னும் விரைவாக்குகிறார்கள்.

அதனால்தான் குடிநீர்க் குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் இடையே 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், குறுக்கே போக வேண்டி வந்தால் குடிநீர்க் குழாய் மேலே போக வேண்டும் என்று பொறியாளர்களுக்கு விதி வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் வீடு நெருக்கும் நம் சந்துகளில் 3 மீட்டருக்கு எங்கே போவது?

இது பயமுறுத்தலுக்குச் சொன்ன கதை இல்லை, நடந்தது. 1854-ல் லண்டன் பிராட் தெருவில் காலரா வந்து 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எல்லோரும் கெட்ட காற்று என்றார்கள். ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து, அந்தத் தெருவின் அடிபம்புதான் காரணம் என்றார். தோண்டிப் பார்த்தபோது, கிணற்றிலிருந்து 3 அடிகூடத் தள்ளியில்லாத ஒரு மலக்குழியின் செங்கல் சுவர் இற்றுப்போய்க் கிடந்தது.

1955 டிசம்பரில் டெல்லியில் நஜஃப்கர் கால்வாயின் சாக்கடை நீர் யமுனையில் பின்னோக்கி ஏறி, வசீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்துக்கே வந்துவிட்டது. ஏழு வாரங்களில் சுமார் 29,300 பேருக்குக் காமாலை! அது ஹெபடைடிஸ்-இ என்ற வைரஸ் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

"அதெல்லாம் பெரிய பட்டணம்" என்பீர்கள். சிம்லா நம் கொடைக்கானலைப் போல மலை ஊர்தானே? 2015 டிசம்பரிலிருந்து அடுத்த சில மாதங்களில் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் காமாலை. மல்யாணா என்ற இடத்தில் உள்ள சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுநீர், நகரத்துக்குக் குடிநீர் தந்த அஷ்வனி ஓடையில் கலந்ததுதான் காரணம். நாட்டின் தூய்மையான நகரம் என்று பல முறை பரிசு வாங்கியது இந்தூர். அங்கேயே 2025 டிசம்பரில் பாகீரத்புரா பகுதியில் குடிநீரில் கழிவுநீர் கலந்து உயிர்கள் போயின. தெருவைப் பெருக்கினால் பரிசு கிடைக்கும். பூமிக்கடியில் இருப்பதை யார் பார்க்கிறார்கள்?

அந்தத் தெருவில் கண்டது...

இப்போது என் கதைக்கு வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானலில் நோயாளிகளின் தெருவுக்குப் போனேன். குறுகலான சரிவு. மேல்முனையில் ஒரு தங்கும் விடுதி. அதன் செப்டிக் டேங்க்கிலிருந்து வரும் குழாய் தெரு ஓரமாக இறங்குகிறது. ஓரத்தில் இருந்த கால்வாய்க்குள்ளேயே, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிற வீட்டுக் குழாய்கள் வரிசையாகப் படுத்திருந்தன. மழை பெய்து ஒரு வாரம் ஆகியிருந்தும், ஓரிடத்தில் மட்டும் புல் கரும்பச்சையாக ஓங்கி வளர்ந்திருந்தது.

கூட வந்த பிளம்பர் கெட்டிக்காரர். விடுதிக் கழிப்பறையில் இரண்டு பாக்கெட் கேசரி பவுடரைக் கரைத்து ஊற்றச் சொன்னார். "கொஞ்சம் பொறுங்க ஐயா, உங்க கண்ணாலயே பாருங்க" என்றார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். அந்தப் புல்லுக்கு அடியிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் தண்ணீர் கசிந்து, குடிநீர்க் குழாய்களின் மேல் ஓட ஆரம்பித்தது. தெருவே வாயடைத்து நின்றது.

தோண்டினார்கள். ஒரே ஒரு ஜாயின்ட் விலகியிருந்தது. சில அடி பி.வி.சி. குழாயும் அரை நாள் கூலியும்தான் செலவு.

"நாத்தம் வருதுன்னு ரெண்டு மாசமாச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தோம். சீசன் முடியட்டும்னாங்க" என்றார் ஒரு பாட்டி.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். குழந்தை தங்கவில்லை.

என்னிடம் முதலில் வந்தவரிடமே தண்ணீரைப் பற்றிக் கேட்டிருந்தால்? இன்றைக்கும் காமாலை என்று யார் வந்தாலும் நாக்கைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறேன்.

இன்னொன்றும் அன்று புரிந்தது. ஹெபடைடிஸ்-இ உடம்புக்குள் நுழைந்து வெளியே தெரிய 2 முதல் 10 வாரம் ஆகலாம். டைபாய்டுக்கு ஒன்றிரண்டு வாரம். மே மாதம் மலையில் குடித்த தண்ணீருக்கு ஜூன், ஜூலையில் சென்னையிலோ கோவையிலோ படுப்பார்கள். 'ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கலை' என்று முடித்துக்கொள்வார்கள். குழாய் தப்பித்துவிடும்!

குழாய்க்கும் நாடி பாருங்கள்!

சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு உண்டு. தொட்டும், பார்த்தும், கேட்டும் நோயை அறிவோம். குழாயும் உடையும் முன் சொல்லிவிட்டுத்தான் உடையும். கவனியுங்கள்:

* கழிப்பறையில் தண்ணீர் ஊற்றினால் 'குளுக் குளுக்' என்று சத்தம், அல்லது குளியலறைத் துவாரத்தில் தண்ணீர் மேலெழுதல். இது அடைப்பின் முதல் அறிகுறி.

* வெயில் காலத்திலும் காயாத ஈரம், ஓரிடத்தில் மட்டும் செழிக்கும் புல், சுவர் அடியில் ஊறல்.

* அழுகிய முட்டை நாற்றம், திடீரென்று பெருகும் கரப்பான், எலி.

* குழாய் போகும் வழியில் தரை அல்லது ரோடு லேசாகப் பள்ளம் விழுதல்.

* குடிநீர் வந்ததும் முதல் சில நிமிடம் கலங்கல், நுரை, வாடை. இது ஒன்று இருந்தாலே போதும், அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

* ஒரே தெருவில் ஒரே மாதத்தில் இரண்டு பேருக்குக் காமாலை அல்லது வயிற்றுப்போக்கு. உடனே நகராட்சிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். தனியாகப் போகாமல் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து போங்கள்.

இதைச் செய்யுங்கள், இதைச் செய்யாதீர்கள்

உங்கள் வீட்டிலிருந்து தெருக் குழாய் வரைக்குமான குழாய் உங்கள் பொறுப்பு. அது எந்த வழியாகப் போகிறது என்று ஒரு காகிதத்தில் படம் வரைந்து, பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். சேம்பர் மூடியின் மேல் சிமென்ட் பூசி மறைக்காதீர்கள். அடைத்துக்கொண்டால் எங்கே தோண்டுவது?

மழைநீர்க் குழாயைக் கழிவுநீர்க் குழாயோடு சேர்க்காதீர்கள். ஐப்பசி மழையில் குழாய் திணறி, எதிர்த்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வரும்.

செப்டிக் டேங்க்கை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். கொடைக்கானல் போன்ற குளிர்ப் பிரதேசத்தில் கசடு செரிப்பது மெதுவாகத்தான் நடக்கும். குளிரில் நமக்கே ஜீரணம் மந்தமாகிறதே! ஆகவே அங்கே இரண்டு ஆண்டுக்கு மேல் தள்ளிப் போடாதீர்கள். மலையில் மண் அடுக்கு மெலிதான இடங்களில் உறிஞ்சு குழியிலிருந்து இறங்கும் நீர் கீழே உள்ள பாறையில் வழுக்கிக்கொண்டு போய் ஊற்றில் சேரும். கிணறு, ஊற்று இவற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

ஒரு விஷயத்தைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். எந்த மனிதனையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள். அந்த அழுகிய முட்டை வாயு அளவு கூடினால் மூக்கையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும்போதே ஆள் சாய்ந்துவிடுவான். காப்பாற்ற இறங்குகிறவனும் சாய்வான். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி இப்படி ஆளை இறக்குவது குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உயிருக்கு முன் அது எம்மாத்திரம்? 14420 என்ற எண்ணுக்குப் போன் செய்து, பதிவு பெற்ற லாரியை வரவழையுங்கள். எடுத்த கழிவை ஓடையில் கொட்டாமல் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் கொண்டுபோகிறார்களா என்றும் கேளுங்கள்.

நகராட்சியிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. எங்கள் தெருக் குழாய்க்கு வயது என்ன? கேமரா விட்டு எப்போது பார்த்தீர்கள்? கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கிறதா? வாட்டர் டாக்ஸ் கட்டுகிற நாம் இதைக் கேட்பதில் தப்பே இல்லை.

தண்ணீரும் மருந்தும்

சந்தேகமாக இருந்தால் கொதிக்க வைத்த தண்ணீர்தான். ஆனால் ஒரு கணக்கு. கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் சமவெளியில் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், மலையில் மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். தேற்றான்கொட்டையை இழைத்துவிட்டால் கலங்கல் தெளியும். நம் முன்னோர் கண்ட அருமையான பொருள் அது. ஆனால் தெளிந்த தண்ணீர் எல்லாம் கிருமியற்ற தண்ணீர் ஆகிவிடாது. தெளிய வைத்து, பிறகு கொதிக்க வையுங்கள்.

வயிற்றுப்போக்கு கண்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். தேக்கரண்டி தலைதட்டி இருக்கட்டும். உப்புக் கஞ்சியும் கொடுக்கலாம்.

காமாலைக்குக் கீழாநெல்லி? பரம்பரையாகக் கொடுத்து வருகிறோம், நானும் கொடுக்கிறேன். ஆனால் காமாலையில் பல வகை உண்டு. ரத்தப் பரிசோதனை செய்யாமல், யாரோ சொன்னார்கள் என்று பச்சிலை அரைத்துக் குடிக்காதீர்கள். கண்ணுக்கு மை போடுவது, கையில் சூடு போடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். தூக்கக் கலக்கம், பேச்சுக் குளறல், ரத்தக் கசிவு, நிற்காத வாந்தி என்றால் உடனே பெரிய ஆஸ்பத்திரி. கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் எந்த அறிகுறிக்கும் காத்திருக்காதீர்கள். ஹெபடைடிஸ்-இ கடைசி மூன்று மாதத்தில் வந்தால் நூற்றுக்கு 20, 25 பேர் வரை உயிரிழக்கக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் என்னைப் போன்ற வைத்தியரிடம் வந்து நேரத்தைக் கடத்த வேண்டாம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். தீபாவளிக்கு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கிறோம். காலடியில் நமக்காக ராப்பகலாக உழைக்கிற அந்தக் குடலுக்கு வருடத்தில் ஒருநாள் ஒதுக்கக் கூடாதா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துவிட்டு, உங்கள் வீட்டுச் சேம்பர் மூடியைத் திறந்து, குனிந்து உள்ளே இறங்காமல், நின்றபடி ஒரு பார்வை பாருங்கள். தண்ணீர் தேங்காமல் ஓடுகிறதா? சரி. ஓடவில்லையா? திங்கட்கிழமைக்குத் தள்ளிப் போடாமல் பிளம்பரைக் கூப்பிடுங்கள். அப்படியே மேல் வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.